கூடலூர் கிழாரின் நள்ளிரவு

சங்கப் பாடல்களில் விண்மீன் வரும் இடங்களைத் தொகுத்துக் கட்டுரை வரைவது நம் இலக்கிய மலர்களில் நெடுநாளைய வழக்கம். அக்கட்டுரைகளுள் ஒரு சாரார் 'நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று முரசறைவர். மறு சாரார் உவமை நயம் பாராட்டி அடுத்த பாடலுக்கு நகர்வர். கட்டுரையாளர் ஓர் இரவேனும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாரா என்பது மட்டும் இருவர் எழுத்திலும் தெரிவதில்லை. பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் புறநானூற்றின் 229ஆம் பாடலைப் பற்றிப் பேசியபோது, 'இதன் முற்பகுதி வெறும் பஞ்சாங்கப் பட்டியல். கவிதை பிற்பகுதியில்தான் தொடங்குகிறது' என்றேன். அவையினர் கைதட்டினர். அக்கருத்தைத் திரும்பப் பெறும் பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

பாடியவர் கூடலூர் கிழார். பாடப்பட்டவன் கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒரு விண்மீன் எரிந்து வீழக் கண்டு, அரசனுக்குத் தீங்கு நேருமோ என்று புலவரும் பிறரும் அஞ்சுகின்றனர். ஏழாம் நாள் அவன் இறந்துபடுகின்றான். மீன் வீழ்ந்த பொழுதைப் புலவர் வானத்தைக் கொண்டே குறிக்கின்றார். பழைய உரையின் துணையோடு நோக்கினால் காட்சி தெளிவாகும். பங்குனித் திங்களின் முற்பாதி; கார்த்திகையின் முதற்கால்; செறிந்த இருளையுடைய பாதி இரவு. உத்தரம் உச்சியிலிருந்து சாய்கின்றது. அதற்கு எட்டாவதாகிய மூலம் கிழக்கே எழுகின்றது. அதற்கு முன்னர் எட்டாவதாகிய மிருகசீரிடம் மேற்கே இறங்குகின்றது. உச்சிக்கொன்று, எழுச்சிக்கொன்று, வீழ்ச்சிக்கொன்று என மூன்று சான்றுகள் ஒரே கணத்தில் நிற்கின்றன.

இதனையே யான் பட்டியல் என்றேன். இதனை நேரிற் கண்டறிய வேண்டுமென்ற எண்ணம் பின்னர்தான் தோன்றியது.

எங்கள் ஊர் வரதய்யபாளையம். தமிழகத்தின் வடவெல்லையாக நம் இலக்கணப் பாயிரம் கூறும் வேங்கடமலை இங்கிருந்து மேற்கே உள்ளது. ஏவுகலங்கள் எழும் சிறீகரிக்கோட்டா கிழக்கே உள்ளது. அலுவல் காரணமாகத் திருப்பதியில் குடியிருக்கும் யான், 2025 மார்ச்சு 29ஆம் நாள் ஊருக்கு வந்திருந்தேன். அன்று அமாவாசை, பங்குனி பாதியை எட்டியிருந்தது. நள்ளிரவில் மகனை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் சென்றேன். உத்தரம் ஏறத்தாழத் தலைக்கு நேர்மேலே நின்று, மேற்கே சற்றுச் சாய்ந்திருந்தது. மிருகசீரிடம் மேற்கு மலைத்தொடரின் பின் இறங்கிவிட்டிருந்தது. இரண்டும் புலவர் சொன்னபடியே. மூன்றாவதாகிய மூலத்தைக் காணவில்லை.

மகன் கைபேசியை எடுத்துத் தென்கிழக்கே நீட்டினான். அதன் திரையில் விருச்சிகத்தின் வால் அடிவானத்தைத் தொட்டு நின்றது. 'இதோ இருக்கிறது, அப்பா' என்றான். திரைக்கு அப்பால் மஞ்சளும் வெள்ளையும் கலந்த வெளிறே இருந்தது. எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே 2008இல் தொடங்கப்பெற்ற சிறீ சிட்டித் தொழில்நகரம். அதற்கும் தெற்கே சென்னை மாநகரம். மூலம் எழும் திசை சரியாக அவ்வொளியின் நடுவே விழுகின்றது. வானில் பத்துப் பாகை அளவு ஏறிய பின்னரே மூலம் கண்ணிற்பட்டது. அப்போது மணி 12.50. கூடலூர் கிழார் அக்கரையில் நின்றிருப்பாராயின், அவருடைய பொழுதுக் கணக்கில் இரண்டு நாழிகை பிழைபட்டிருக்கும்.

காத்திருந்த அந்த இரண்டு நாழிகையில்தான் பாடல் எனக்கு விளங்கலாயிற்று. ஒன்று சாய, ஒன்று இறங்க, ஒன்று எழ வேண்டும். வானம் முழுவதும் ஒரே அச்சிற் சுழலும் ஒழுங்கு அது. அவ்வொழுங்கை முதலில் நிறுத்திய பின்னரே, முறை பிறழ்ந்த ஒரு மீனைப் புலவர் வீழ்த்துகின்றார். ஏழாம் நாள் நிகழ்வனவாக அவர் கூறுவன யாவை? யானை கையை நிலத்திலிட்டுக் கிடக்கின்றது. முரசு கண் கிழிந்து உருள்கின்றது. வெண்குடை காம்பொடிந்து கிடக்கின்றது. குதிரை நடை மறந்து நிற்கின்றது. தத்தம் நிலையில் இருக்க வேண்டியவை நிலைகெட்டன. வானத்துப் பட்டியலுக்கு மண்ணுலகத்துப் பட்டியல் விடை கூறுகின்றது. முன்னதை நீக்கினால் பின்னது வெறும் ஒப்பாரியாகிவிடும். அவ்வொழுங்கைக் கண்ணாற் காணாதவனுக்கு முற்பகுதி பஞ்சாங்கமாகத் தோன்றுவது இயல்பே. எனக்கும் அவ்வாறே தோன்றியது.

பஞ்சாங்கத்தின் துணையை இகழ்வதற்கில்லை. பரிபாடலின் 11ஆம் பாடலிலுள்ள கோள்நிலைகளைக் கொண்டு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அதன் காலத்தை கி.பி. 634 எனக் கணித்தார். அதனை ஒட்டியும் வெட்டியும் அறிஞர் எழுதியவை ஏராளம். ஆயின் காலத்தைக் கணிப்பது வேறு. கவிதையைக் கணிப்பது வேறு. பின்னதற்கு இருள் வேண்டும்.

அவ்விருள் விரைந்து குறைந்து வருகின்றது. 2011 முதல் 2022 வரை உலகின் பல பகுதிகளில் பொதுமக்கள் வெறுங்கண்ணாற் கண்டு தெரிவித்த ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்தோர், இரவு வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு மிகுந்ததென 2023இல் எழுதினர். 250 விண்மீன்கள் தெரியும் ஊரிற் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டாம் அகவையில் நூறே எஞ்சும் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளியில் நீலக்கூறு மிகுதி. நீலம் காற்றில் மிகுதியாகச் சிதறும். மேல்நோக்கிச் சிந்தும் ஒளி தூசியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்ப, அடிவானம் முதலிற் கெடுகின்றது. எழுவதும் விழுவதும் அங்குதான்! திருப்பதியில் எங்கள் மாடியிலிருந்து எழும் மீன் எதனையும் யான் கண்டதில்லை. ஏற்கெனவே எழுந்து நிற்கும் மீன்கள் சிலவற்றையே காண்கின்றேன்.

உவமைகளும் இவ்வாறே கெடுகின்றன. பெரும்பாணாற்றுப்படை மறைகாப்பாளர் இல்லத்து மகளின் கற்புக்கு வடவானத்தின் 'சிறுமீனை' உவமிக்கின்றது. அருந்ததி என்று உரை கூறிவிட்டு நாம் கற்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகின்றோம். 'சிறு' என்னும் அடையை எவரும் எடைபோடுவதில்லை. எழுமுனிவர் கூட்டத்தில் வசிட்டனை ஒட்டி, உற்று நோக்குவார்க்கு மட்டுமே புலப்படும் மங்கலான மீன் அது. எங்கள் ஏரிக்கரையில் வடதிசை இன்னும் ஓரளவு இருண்டிருப்பதால் அது தெரிகின்றது. திருப்பதி மாடியில் வசிட்டன் மட்டும் தனித்து நிற்கின்றான்! திருமணங்களில் புரோகிதர் சுட்டிக்காட்ட, மணமக்கள் மண்டபத்துக் குழல்விளக்கைப் பார்த்துத் தலையசைப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம்.

மலைபடுகடாம் முசுண்டையின் வெண்பூக்களுக்குக் கார்த்திகை மீனை உவமையாக்குகின்றது. இதனை எனக்கு விளக்கியவர் எந்த உரையாசிரியரும் அல்லர். 2023 டிசம்பரில் வந்த மிக்சாங் புயல். புயல் கடந்தபின் வானம் வெளுத்த இரவில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. அறுமீன் என்று முன்னோர் எண்ணிய ஆறும், ஐயத்திற்குரிய ஏழாவதும், ஒரு கொடியின் கணுவிற் செறிந்த பூக்களென நின்றன. மறுநாள் மாலை விளக்கு வந்தது. மூன்றோ நான்கோ புள்ளிகளாயின. விளக்கு வந்ததற்கு மகிழ்ந்தவர்களுள் யானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை. அகநானூற்றில் நக்கீரர் கார்த்திகை நாளில் தெருவெல்லாம் விளக்கிட்டதைப் பாடுகின்றார். அவ்விளக்குகள் அவர் கண்ணுக்கு அறுமீனை மறைக்கவில்லை.

நெடுநல்வாடையில் தலைவி கட்டிலிற் கிடக்கின்றாள். மேற்கட்டியில் மெழுகு பூசிய துணிமேல் மேடம் முதலிய இராசிகளும், திங்களைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. அந்த உரோகிணியைப் பார்த்து அவள் பெருமூச்சு விடுகின்றாள். இப்பாட்டு அகமா புறமா என்று வேப்பந்தழையை வைத்து நடந்த வழக்கு பெரிது. அவள் ஏன் எழுதிய வானத்தைப் பார்க்கின்றாள் என்று கேட்டோர் குறைவு. வெளியே கூதிர் மழை. மெய்யான வானம் மூடிக்கிடக்கின்றது. அரசனோ பாசறையில் திறந்த இரவில் உலவுகின்றான். கூரைக்குக் கீழ் அகப்பட்டவளுக்கு ஓவியன் தந்த உரோகிணியே கிடைத்தது. அவளுடைய நெட்டுயிர்ப்பில் அந்த வேறுபாடும் அடங்கும் என்பது என் துணிபு. அன்று மகன் நீட்டிய கைபேசித் திரையும் ஒரு மெழுகுபடமே. அதில் பிழையேதும் இல்லை. மூலம் இருந்த இடத்தையே காட்டியது. ஆயினும் அதனைப் பார்த்து எங்களுக்குப் பெருமூச்சு வரவில்லை.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகின்றது; இலடாக்கின் ஆன்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அறிவியலார் தமக்கு வேண்டிய இருளைத் தேடிக்கொண்டனர். சங்க இலக்கிய வகுப்புகளோ குழல்விளக்கின் கீழ் மாலை ஆறுக்குத் தொடங்கி எட்டுக்கு முடிகின்றன. பங்குனியில் ஒரு வகுப்பையேனும் நள்ளிரவில், சுவரில்லாத இடத்தில் வைக்கலாகாதா என்று எங்கள் நண்பர் குழுவில் கேட்டுப் பார்த்தேன். பேருந்து இல்லை என்றனர். அதுவும் நியாயமே.

என் புறநானூற்றுப் படியில் 229ஆம் பாடலின் ஓரத்தில் முன்பு 'பட்டியல்' என்று மையால் எழுதியிருந்தேன். அதனை அடித்துவிட்டு, அதன் கீழே பென்சிலால் 'மூலம், 12.50' என்று குறித்திருக்கின்றேன்.