திறப்பு மாலையும் மறுநாட் பார்வையும்: கொழும்பின் ஓவியக் கூடங்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஓவியக் கண்காட்சி ஒன்றின் திறப்பு மாலையைப் பற்றி எழுதுவது ஓவியத்தைப் பற்றி எழுதுவதாகாது என ஒருவர் கூறலாம். கூற்றில் நியாயமுண்டு. வெளியீட்டு விழாவை வைத்து நூலை எடைபோடும் பழக்கம் நம்மிடையே விளைத்துள்ள தீங்கை அறிந்தோர் இவ்வெச்சரிக்கையை அலட்சியம் செய்யார். எனினும், கொழும்பைப் பொறுத்தவரை திறப்பு மாலை என்பது படைப்புக்கு வெளியே நிகழும் வெறுஞ் சடங்கன்று. எந்த ஓவியம் பேசப்படும், எது விலைபோகும், எதைப்பற்றி எந்த மொழியில் எழுதப்படும் என்பன பெருமளவுக்கு அந்த இரண்டு மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகின்றன. ஆதலின் அதனை ஒரு சமூக நிறுவனமாகக் கொண்டு ஆராய்தல் விமர்சகனின் கடமைக்குப் புறம்பானதன்று. தமிழில் அவ்வேலை ஏறத்தாழத் தொடங்கப்படவேயில்லை என்பதே இக்கட்டுரைக்கு உந்துதல்.

கூடங்கள் எங்கே அமைந்துள்ளன என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ற் கலை நிலையம் கில்போர்ட் கிரசென்றில் உள்ளது. ஓவியர் ஹரி பீரிஸ் 1974இல் நிறுவிய சப்புமல் மன்றம், அவர் வாழ்ந்த பார்ன்ஸ் பிளேஸ் வீட்டிலேயே இயங்கத் தொடங்கியது. கட்டடக் கலைஞர் ஜெவ்ரி பாவாவின் அலுவலகமாயிருந்த அல்பிரட் ஹவுஸ் வீதி மனை பின்னாளில் உணவகமும் காட்சிக்கூடமுமாக மாறியது. இவற்றையும் இவற்றையொத்த தனியார் கூடங்களையும் படத்திற் குறித்தால் கறுவாத்தோட்டமும் கொள்ளுப்பிட்டியும் அவற்றைச் சூழ்ந்த சில வீதிகளுமே நிரம்பும். வெள்ளவத்தையிலிருந்து இவற்றுக்குப் பேருந்தில் நெடும்பயணமில்லை. காலி வீதியின் ஒரு பகுதியில் ஆயிரக்கணக்கான தமிழர் வாழ்கின்றனர். அதே வீதியின் இன்னொரு பகுதியில் சமகால ஓவியம் தொங்குகின்றது. இடையிலுள்ள தூரம் மைல் கணக்கால் அளக்கத்தக்கதன்று.

இத்தூரம் நேற்றுத் தோன்றியதுமன்று. 1891இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கலைச் சங்கத்தின் பழமைப் போக்கை எதிர்த்து, 1943 ஓகஸ்ற்றில் லயனல் வென்ற்றின் இல்லத்திற் கூடிய கலைஞர்கள் '43 குழு'வை அமைத்தனர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி முதலியோர் அதிலிருந்தனர். இந்நாட்டு நவீன ஓவியத்தின் பிறப்பு அதுவே. கலகக்காரராயிருந்தும் அவர்களது கலகம் நடந்த இடம் நகரத்து மேற்றட்டினரின் வரவேற்பறை. அவர்களது விவாத மொழி ஆங்கிலம். பௌத்த பிக்குவாயிருந்து விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுத்த மஞ்சுசிறி போன்றோர் அவ்வறைக்குள் வேறொரு காற்றைக் கொணர்ந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அறையின் கதவு அகலவில்லை. ஓவியம் நவீனமாயிற்று; அதனைப் பார்க்கும் வழக்கம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

இன்றைய திறப்பு மாலையின் நடைமுறை பலருக்குத் தெரிந்ததே. தடித்த தாளில் அழைப்பிதழ், மாலை ஆறரை மணி, தூதுவராலயத்தினரோ வங்கித் தலைவரோ பிரதம விருந்தினர், சுருக்கமான உரை, கையிற் கிண்ணம். கூட்டம் நிறைந்தவுடன் சுவரை நோக்கி நிற்போர் குறைந்து ஒருவரையொருவர் நோக்கி நிற்போர் பெருகுகின்றனர். ஓவியங்களுக்கு முதுகு காட்டி நிகழும் கலைவிழா இது ஒன்றேயாகலாம். நாடகத்தில் விளக்கணைந்ததும் பேச்சு அடங்குகிறது; கச்சேரியில் சுருதி கூட்டியதும் அடங்குகிறது. ஓவியத்துக்கு அவ்வதிகாரம் இல்லை. அது பொறுமையாகத் தொங்குகின்றது.

உரைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரையினும் வலிமை வாய்ந்த விமர்சனம் ஒன்று அங்குண்டு. அதுவே, விலைபோன படத்தின் அருகே ஒட்டப்படும் சிறு சிவப்புப் புள்ளி. எந்தப் பந்தி விமர்சனமும் சாதிக்க முடியாததை அப்புள்ளி சாதிக்கின்றது. அது ஒட்டப்பட்ட படத்தின் முன் கூட்டம் சேர்கிறது. ஒட்டப்படாத படத்தை வரைந்தவன் மூலையிற் சென்று நிற்கின்றான். 2000ஆம் ஆண்டளவில் தோன்றிய 'தீர்த்த' கலைஞர் கூட்டமைப்பினர் நடத்திய தமது கூடத்துக்கு 'ரெட் டொட்' என்றே பெயரிட்டனர். அப்பெயரில் எள்ளல் இருந்தது என நான் கருதுகின்றேன். இல்லையென வாதிடுவோரும் இருக்கக்கூடும்.

இவ்வளவும் கூறியபின், திறப்பு மாலைகள் யாவும் போலி என்ற முடிவுக்கு வருவது எளிது. அம்முடிவு தவறானது. அதனை மறுக்கும் எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சந்திரகுப்த தேனுவர 1990களின் பிற்பகுதியிலிருந்து யூலை 23ஆம் திகதியைத் தமது கண்காட்சிகளின் திறப்பு நாளாகக் கொண்டு வந்துள்ளார். 1983இல் அந்நாளின் இரவிலே திருநெல்வேலியில் இராணுவத்தினர் பதின்மூவர் கொல்லப்பட்டதும், அடுத்த நாள்களிற் கொழும்பெங்கும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்ததும் நாமறிவோம். யுத்த காலத்தில் வீதித் தடைகளிலே நிறுத்தப்பட்ட, இராணுவ உருமறைப்பு நிறங்கள் தீட்டப்பட்ட பீப்பாய்களைத் தேனுவர தமது படைப்புப் பொருளாக்கி, 1997இல் 'பரலிசம்' என அதற்குப் பெயரும் சூட்டினார். உருமறைப்பு என்பது பொருளைக் கண்ணிலிருந்து மறைக்கவேண்டும். நகர நடுவே நின்ற பீப்பாயோ எவர் கண்ணிலிருந்தும் மறையவில்லை; ஆயினும் நாளடைவில் எவரும் அதனைக் காணவில்லை. பழக்கமே உருமறைப்பாயிற்று. தேனுவர அப்பீப்பாயைக் கூடத்தினுள்ளே கொணர்ந்து நிறுத்தியபோது, அன்றாடம் கடந்து சென்ற பொருளை மக்கள் முதன்முறையாகக் கண்டனர்.

ஈண்டு கருதத்தக்கது திகதியாகும். அரசு நினைவுகூராத ஒரு நாளை ஓர் ஓவியன் தன் அழைப்பிதழில் அச்சிடுகின்றான். வருவோர் விரும்பியோ விரும்பாமலோ அந்நாளுக்கு வருகின்றனர். திறப்பு மாலை என்னும் அதே சடங்கு, கிண்ணமும் உரையும் உட்பட, ஆண்டு நினைவின் இயல்பைப் பெற்றுவிடுகின்றது. சிங்களக் கலைஞர் ஒருவர் இதனைத் தொடர்ந்து செய்தமை எளிதில் மறக்கத்தக்கதன்று. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. வீடு எரிந்தவர்களின் மொழியில் இக்கண்காட்சிகள் பற்றி எத்துணை எழுதப்பட்டுள்ளது? நமது வார இதழ்கள் சினிமாவுக்கு ஒதுக்கிய பக்கங்களுள் நூற்றிலொன்றையேனும் இதற்கு ஒதுக்கினவா? தாழ்வாரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோம் என முறையிடுவோர், கதவு திறந்திருந்த நாள்களிலும் உள்ளே போகவில்லை. திறப்பு மாலைக்கு அழைப்பு வேண்டும். மறுநாட் காலைக்கு அழைப்பு வேண்டியதில்லை, பெரும்பாலும் கட்டணமும் இல்லை. ஆனந்தகுமாரசுவாமியின் பெயர் தாங்கிய வீதியின் ஓரத்திலே 1993 முதல் நடந்துவரும் 'கலா பொல' என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தைக்கு எந்த அழைப்பிதழும் எக்காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

ஓவியம் தமிழருக்கு அந்நியம் என்ற சமாதானமும் நில்லாது. யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை 1930களின் இறுதியிலேயே வின்ஸர் கலைக் கழகத்தை அமைத்தார். ஓவியர் மாற்குவைப் பற்றி 1987இல், யுத்தத்தின் நடுவே, 'தேடலும் படைப்புலகமும்' என்ற சிறப்பு மலர் வெளிவந்தது. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், எரிந்து மீண்ட அக்கட்டடத்தினுள், 'அகம் புறம்' என்ற கண்காட்சி நிகழ்ந்தது. அத்தலைப்பைத் தமிழ் மாணவன் எவனுக்கும் விளக்கவேண்டியதில்லை. மரபு உண்டு, தொடர்ச்சிதான் இல்லை.

நாடகத் துறையோடு ஒப்பிட்டால் இக்குறை தெளிவாகும். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிலே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, பல்கலைக்கழகத் தமிழ் மாணவரே நடிகராயும் பார்வையாளராயும் விமர்சகராயும் விளங்கினர். அதன் பயனாக 'அரங்கு', 'ஆற்றுகை' போன்ற சொற்கள் நம்மிடையே நிலைபெற்றன. சொல் நிலைபெற்ற இடத்தில் சிந்தனையும் நிலைபெறும். ஓவியத்துக்கு அவ்வாறானதொரு தலைமுறை வாய்க்கவில்லை. இதன் விளைவை அண்மையிற் காண்கின்றோம். 2019 டிசெம்பரிற் கொழும்பிலே தொடங்கிய நவீன, சமகாலக் கலைக்கான அரும்பொருட்சாலை, குறிப்புகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் வழங்கும் கொள்கையை மேற்கொண்டது. வரவேற்கத்தக்க செயல். ஆயினும் 'இன்ஸ்ரலேசன்' என்பதை 'நிறுவல்' என்பதா, 'தாபனம்' என்பதா என்னும் கேள்விக்கு நாம் இன்னும் விவாதித்து முடிவு காணவில்லை. முன்னரே வழங்கும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் எடுத்தாளலாம்; வழங்காத சொல்லை அவர் சுவரில் ஒட்டித்தான் பழக்க வேண்டியுள்ளது.

நம்மால் மட்டுமே செய்யத்தக்க வாசிப்பு எத்தகையது என்பதற்குத் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' சான்றாகும். 2011இல் வெளிவந்த இப்படைப்பு சுவரில் தொங்குவதன்று. சட்டக் கோப்பின் வடிவிலமைந்த நூல். இடம்பெயர்ந்த மக்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். அவை கட்டடக் கலைஞரின் முறையில் மீள வரையப்பட்டன. அவற்றோடு சனாதனனின் சொந்தச் சித்திரங்களும் சேர்ந்தன. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயரை அது சூடியுள்ளது. ஆட்சியாளர் உடைமையை எண்ணி எழுதிய ஏட்டின் பெயர், உடைமையிழந்தோர் எழுதும் ஏட்டுக்கு வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இதனை அணுகுவோர் இழப்பு, நினைவு, இடப்பெயர்வு என்னும் பொதுச் சொற்களோடு நின்றுவிடுவது இயல்பு. தமிழ் வாசகன் மேலும் கேட்க வேண்டியவை உள. வரைந்தவர் முதலிற் கோடிட்டது வாசலையா, கிணற்றடியையா? கிணறு வளவினுள்ளே உள்ளதா, பங்குக் கிணறா? பங்கெனில் யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை? வேலி எங்கே முடிகிறது, அப்பால் யாருடைய காணி? சாமியறையின் அளவென்ன, அடுப்படியின் அளவென்ன? சீதனமாக எழுதப்பட்ட வீட்டை வரைந்த கை ஆணுடையதா, பெண்ணுடையதா? இழந்த வீட்டைப் புனிதமாக்குதல் எளிது. அவ்வீட்டின் முற்றம்வரை மட்டுமே வர அனுமதிக்கப்பட்டவனுக்கும் ஒரு நினைவு உண்டு. அவன் வரையும் தரைப்படத்தில் உள்ளறைகள் இரா. சாதியும் சீதனமும் நீர்ப்பங்கும் அறியாத ஒருவர் இத்தரைப்படங்களின் அழகை நுகரலாம், துயரையும் உணரலாம். அவை யாழ்ப்பாணச் சமூகத்தின் மீது சாட்டும் குற்றத்தை அவர் படிக்க இயலாது.