ஆடை சொன்ன சாட்சி

கொலைக் கதை ஒன்றைப் பற்றிப் பங்குப் பணியாளர் ஒருவர் எழுத முன்வருவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். துப்பறியும் கதைகளுள் மிகப் பழையன எனத் தகும் இரண்டு, நம் திருவிவிலியத்தின் தானியேல் நூலிலேயே உள்ளன என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். சூசன்னாவின்மீது பழி சுமத்திய முதியோர் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் அடியில் கண்டீர் என வினவுகிறார் இளைஞர் தானியேல். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் சொல்லப் பொய் தானே வெளிப்படுகிறது. அடுத்த அதிகாரத்தில், பேல் கோவிலின் தரையில் தூவிய சாம்பலில் பதிந்த காலடிகள் பூசாரிகளின் சூழ்ச்சியைக் காட்டிக்கொடுக்கின்றன. 1929இல் துப்பறியும் கதைக்கெனப் பத்துக் கட்டளைகளை வகுத்தவரும் இங்கிலாந்து நாட்டுக் கத்தோலிக்கக் குருவாகிய ரொனால்ட் நாக்ஸ் அவர்களே. ஆகவே இத்துறை நமக்கு அந்நியமானதன்று.

அண்மையில் நாம் படித்தது, அமெரிக்க எழுத்தாளர் எலன் பையரம் எழுதி 2003இல் வெளிவந்த 'கில்லர் ஹேர்' என்னும் ஆங்கிலப் புதினம். மேலைநாட்டார் 'கோஸி' எனப் பெயரிட்டழைக்கும் வகையைச் சேர்ந்தது இது. கதகதப்பும் இதமும் உடையது என்பது அச்சொல்லின் பொருள். கொலை நிகழும், ஆனால் குருதி நம்மீது தெறிக்காது. துப்பறிபவர் காவல்துறையினர் அல்லர். நம்மைப்போன்ற சாதாரண மனிதர். இறுதியில் குற்றவாளி பிடிபடுவார். ஊர் பழைய அமைதிக்குத் திரும்பும். ஆகத்தா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இவ்வகையின் மூதாட்டி. 1930இல் வெளிவந்த அவரது முதல் புதினத்தில் பிணம் கிடப்பதே ஒரு குருமனையின் படிப்பறையில்தான்.

பையரம் படைத்த துப்பறிவாளர் லேசி ஸ்மித்சோனியன், வாஷிங்டன் நகர நாளிதழ் ஒன்றில் நாகரிக உடைகளைப் பற்றிப் பத்தி எழுதும் பெண். விரும்பி ஏற்ற பணியன்று அது. முன்பு அப்பகுதியை எழுதியவர் இறந்துபோக, இவர் தலையில் அது சுமத்தப்படுகிறது. அரசியல் எழுதுவோர் மதிக்கப்படும் நகரில், ஆடையைப் பற்றி எழுதுபவரை எவரும் பொருட்படுத்துவதில்லை. இந்நிலையில் சிகை அலங்கார நிலையம் ஒன்றில் பணிபுரிந்த இளம்பெண் இறந்து கிடக்கிறாள். அவளது நீண்ட கூந்தல் அலங்கோலமாக வெட்டப்பட்டிருக்கிறது. தற்கொலை என முடிவு கட்டுகிறது காவல்துறை. அவளோடு தொழில் செய்த பெண்ணோ அதை ஏற்க மறுத்து, லேசியிடம் வந்து முறையிடுகிறாள். தன் கூந்தலைப் போற்றி வளர்த்த தொழிற்காரி, அதைத் தன் கையாலேயே அவ்வாறு சிதைத்துவிட்டுச் சாவாளா என்பதே அவளது வினா. கொலையாளி யார் என்பதை இங்கு வெளியிட்டு வாசகரின் இன்பத்தைக் கெடுப்பது முறையாகாது.

இப்புதினத்தின் உயிர்நாடி அந்த வினாவிலேயே உள்ளது. அற்பமெனக் கருதப்படும் ஒரு தொழிலின் அறிவு, அதிகாரத்தின் கண்ணுக்குத் தப்பியதைக் கண்டுகொள்கிறது. கோப்பை மூடிவிட எவருக்கும் தயக்கமில்லாத ஒரு சாவுக்காக, எவரும் பொருட்படுத்தாத இரு பெண்கள் நின்று வாதாடுகின்றனர். ஒரு சாவின் உண்மையான காரணத்தை அறியும் உரிமை இறந்தவருக்கும் உண்டு என்று இந்த விளையாட்டுக் கதை தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது.

நம் தமிழிலும் துப்பறியும் கதைக்கு நூறாண்டு கடந்த மரபு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இட்ட வித்து, தமிழ்வாணனின் சங்கர்லாலாகவும் சுஜாதாவின் கணேஷ்–வசந்தாகவும் ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலாவாகவும் தழைத்தது. பேருந்து நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய மாத நாவல்களை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா கதைகளில், சுசீலாவின் டி-சர்ட்டில் இம்முறை என்ன வாசகம் எழுதியிருக்கும் என்பதற்காகவே காத்திருந்த இளைஞர் பலர். அங்கே ஆடை, ஆண்களின் கண் தங்குவதற்கான இடமாக இருந்தது. பையரத்தின் புதினத்திலோ பெண்ணின் கண்ணே ஆடையைப் படிக்கிறது, ஆடை சாட்சியாகிறது. இவ்வேறுபாடு போற்றத்தக்கதே.

எனினும், ஆடையின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி எழாமலில்லை. தொடக்கநூலில் யோசேப்பின் அங்கியை ஆட்டுக்கிடாயின் இரத்தத்தில் தோய்த்துத் தந்தையிடம் அனுப்புகின்றனர் அவருடைய சகோதரர். அதைக் கண்ட யாக்கோபு, மகனைக் கொடிய விலங்கு தின்றுவிட்டதென முடிவு செய்து ஆண்டுக்கணக்கில் துக்கம் காக்கிறார். பின்னர் எகிப்தில், போத்திபாரின் மனைவி தன் கையில் சிக்கிய மேலாடையைக் காட்ட, அதே யோசேப்பு சிறை செல்கிறார். இருமுறையும் ஆடை பொய் சொல்லவில்லை. அதை ஏந்தி வந்தவர்களே பொய் சொன்னார்கள். ஆடையைப் படிக்கத் தெரிந்தால் போதாது, அதைக் கொண்டுவரும் கையையும் படிக்கத் தெரிய வேண்டும். லேசியின் நுண்ணுணர்வு வாஷிங்டன் மக்களின் உடைக் குறைகளை எள்ளி நகையாடும்போது, பொன்மோதிரக்காரரையும் அழுக்குடைக்காரரையும் பற்றி யாக்கோபின் திருமுகம் விடுக்கும் எச்சரிக்கை நம் நினைவுக்கு வந்தது.

இதனை இப்புதினத்தைவிட ஆழமாக உணர்ந்தவர் ஜி.கே. செஸ்டர்டன். அவருடைய தந்தை பிரவுன் கதைகளின் முதல் தொகுதி 1911இல் வெளிவந்தது. அதில் 'விசித்திரக் காலடிகள்' என நாம் தமிழாக்கக்கூடிய கதை முழுவதுமே ஓர் ஆடையைச் சுற்றிச் சுழல்கிறது. செல்வர்கள் விருந்துண்ணும் விடுதியில் விருந்தினரும் கறுப்பு மாலையுடை அணிகின்றனர். பரிமாறும் பணியாளரும் அதே கறுப்புடையையே அணிகின்றனர். திருடன் ஒருவன் செல்வரிடையே பணியாளனைப்போல விரைந்தும், பணியாளரிடையே செல்வனைப்போல மிதப்பாகவும் நடந்து வெள்ளிப் பாத்திரங்களைக் கவர்கிறான். ஒரே காலணி இருவேறு நடை நடப்பதை அடைத்த அறையிலிருந்து கேட்டே உண்மையை உணர்கிறார் தந்தை பிரவுன். செல்வரையும் ஏவலரையும் பிரித்தது துணியன்று, பார்ப்பவரின் மனமே என்பது அக்கதையின் நுட்பம்.

'கோஸி' வகையின் பெருங்குறை அதன் இதத்திலேயே இருக்கிறது. பிணம் இருக்கும், இழவு இருக்காது. குற்றவாளி ஒருவரே, அவரை அகற்றியதும் எஞ்சிய அனைவரும் தூயவராகிவிடுகின்றனர். வாசகரும் அத்தூயவருள் ஒருவராக நிம்மதியுடன் நூலை மூடுகிறார். கள்ளக்குறிச்சியில் அமர்ந்து இதைப் படிக்கும் நமக்கு அந்த நிம்மதி எளிதில் வாய்க்கவில்லை.

2024 சூன் திங்களில் இந்நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். முதலில் நிகழ்ந்த சாவுகளுக்குச் சாராயம் காரணமன்று என்று சொல்லப்பட்டது. இழவு வீட்டுக்கு வந்தோரிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாக அந்நாளைய செய்திகள் கூறின. சாவின் காரணத்தைத் தவறாகச் சொல்வது இறந்தவருக்கு மட்டும் இழைக்கும் அநீதியன்று; அடுத்த சாவுக்கு அது வாயில் திறந்துவிடுகிறது. தற்கொலை என்ற முடிவை ஏற்க மறுத்த அந்தச் சிகை அலங்காரப் பெண்ணின் பிடிவாதத்தை நாம் இத்துணை மதிப்பது இதனாலேயே.

பின்னர் நாம் செய்தது என்ன? பழியை வைக்க ஓரிடம் தேடினோம். மேற்கே தெரியும் கல்வராயன் மலையை நோக்கிப் பலரின் விரல் நீண்டது. அங்குச் சாராய ஊறல்கள் அழிக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் மெத்தனால் மலையில் காய்ச்சும் பொருளன்று, தொழிற்சாலைகளுக்கான வேதிப்பொருள். அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, கல்வராயன் மலைமக்களின் சாலை, மருத்துவம், வாழ்வாதாரம் ஆகியவை குறித்து வினவியது. அவ்வாண்டு நவம்பரில் சாராயச் சாவு வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. நீதிமன்றம் தன் பணியைச் செய்யட்டும். நம்மைப் பொறுத்தவரை, 'குடிகாரர்' என்ற ஒற்றைச் சொல்லே மாண்டவர்களுக்கு நாம் போர்த்திய ஆடை. அதற்கு அப்பால் அவர்களைக் காண நம்மில் எத்தனை பேர் முயன்றோம்?

ஆடை உலகின் மெய்யான கொலையும் நம் மாநிலத்தில் நிகழ்ந்ததுண்டு. 2021 சனவரியில், திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அங்குப் பணியாற்றிய மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். 'கோஸி' கதையாயின் அத்துடன் முடிந்திருக்கும். உடன் உழைத்த பெண்களோ அங்கு நிற்கவில்லை. பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்னும் தொழிற்சங்கத்தின் வழியே, இத்தகைய கொடுமைக்கு இடமளித்த சூழல் எதுவென வினவினர். 2022இல் 'திண்டுக்கல் உடன்பாடு' கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப் முதலிய பெருநிறுவனங்களும் அதற்கெனப் பொறுப்பேற்றன. தொழிற்கூடத்தில் நிகழும் துன்புறுத்தலைக் கவனித்து அறிவிக்கத் தொழிலாளப் பெண்களுக்கே பயிற்சி அளிக்கப்பட்டது. நம் ஊர்ப்புறங்களிலிருந்து திருப்பூர், கோவைப் பகுதி ஆலைகளுக்குச் செல்லும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் இதை அறிந்திருப்பது நன்று. லேசி ஸ்மித்சோனியன் ஆடையை அணிபவரைப் படிக்கிறார். இப்பெண்கள் ஆடையைத் தைப்பவரைப் படித்தனர். அந்தப் பாதி பையரத்தின் புதினத்துக்குள் இடம்பெறவே இல்லை.

இவற்றையெல்லாம் சொன்னதால் இந்நூலைப் படிக்க வேண்டாம் என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. நீண்ட பேருந்துப் பயணத்துக்கு ஏற்ற, பண்பு கெடாத நூல் இது. சிரிக்கவும் வைக்கிறது. 'யார் செய்தது?' என்ற கேள்வியை நேர்மையுடன் கேட்கிறது. ஆனால் அக்கேள்வியோடு நின்றுவிடுகிறது. 1927இல் வெளிவந்த தொகுதியொன்றில் தந்தை பிரவுனிடம் அவரது வழிமுறை யாதென வினவுகின்றனர். அக்கொலைகளையெல்லாம் செய்தவன் நானே என்கிறார் அவர். கொலையாளியின் மனத்துள் புகுந்து, அதே தீமைக்குத் தன் நெஞ்சிலும் இடமுண்டு என உணரும் வரையில் அவர் ஓய்வதில்லை. இறுதி இராவுணவில் காட்டிக்கொடுப்பவன் இருக்கிறான் என ஆண்டவர் சொன்னபோதும் சீடர்கள் யூதாசைச் சுட்டவில்லை. ஒவ்வொருவரும் தம்மைக் குறித்தே வினவினர். ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் நாள்தோறும் காணும் வழியும் இதுவே.

மீண்டும் அவ்விடுதிக்கே வருவோம். தந்தை பிரவுன் அங்குச் சென்றது வெள்ளிப் பாத்திரங்களை மீட்பதற்கன்று. நோயுற்றுச் சாகும் தறுவாயில் இருந்த பணியாளர் ஒருவரின் பாவ அறிக்கையைக் கேட்கவே அவர் அழைக்கப்பட்டார். அம்மனிதர் நேர்செய்ய விரும்பிய ஏதோ ஒன்றினை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவர் காதில் அக்காலடிகள் விழுந்தன. திருட்டைப் பற்றிய அனைத்தும் நமக்கு விளக்கப்படுகின்றன. அந்தத் தாளில் எழுதியிருந்தது என்ன என்பதை மட்டும் செஸ்டர்டன் கடைசிவரை சொல்லவேயில்லை. விருந்துண்டவர்களுள் எவரும் கேட்கவும் இல்லை.