பல்கீயின் பெருமையும் நமது வாய்ப்பூட்டும்

934இல் காலமான அபூ ஸைத் அல்-பல்கீயின் 'மசாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' உடல் நலத்துக்கு ஒரு பாகமும் உள்ள நலத்துக்கு ஒரு பாகமும் கொண்ட நூல். உள்ளம் பற்றிய பாகத்தை சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 2013இல் வெளிவந்தது. கோபம், பயம், துக்கம், ஊசாட்டம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பேசுகிறார் பல்கீ.

நூலின் உயிர் துக்கம் பற்றிய பகுதியில் இருக்கிறது. துக்கத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது. மற்றது, காரணமே புலப்படாமல் மனிதனை அழுத்துவது. இரண்டாவதன் வேர் உடலில், இரத்தத்தில் இருப்பதாக அவர் கருதினார். ஆகவே உடலுக்கு மருந்தும் வேண்டும், இதமான பேச்சும் வேண்டும் என்றார். இரத்தக் கோட்பாடு பழையதாகிவிட்டது. ஆனால் துக்கம் கொண்டவனைக் குற்றவாளியாக்காத அந்தப் பார்வை பழையதாகவில்லை.

பத்ரியின் முன்னுரையில் எனக்கொரு மனக்குறை உண்டு. இன்றைய அறிகை நடத்தைச் சிகிச்சைக்கு பல்கீ முன்னோடி என்று நிறுவுவதில் அவர் காட்டும் ஆர்வம், வாசகனை நூலுக்குள் விடாமல் பெருமையின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நமது மேடைகளிலும் இதுதான் நடக்கிறது. "ஆயிரம் வருஷத்துக்கு முந்தி நாங்கதான் சொன்னோம்" என்று முழங்குகிறோம். வீட்டில் ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தால் ஈமான் குறைவு என்கிறோம், செய்வினை என்கிறோம். "விசர் டொக்டரிட்டப் போனா ஊர் என்ன சொல்லும்?" என்கிறோம். துஆவும் ஓதலும் மருந்துக்குப் பகையல்ல. மருந்தைத் தடுக்கும் வெட்கம்தான் பகை.

இந்நூலை நான் விளங்கிக்கொண்டது களுதாவளையில். அங்கே வெற்றிலைத் தோட்டம் செய்யும் என் கூட்டாளி ஒருவர் மூன்று முறை கிளினிக் போய், "தலையிடி, நித்திரையில்ல" என்று மட்டும் சொல்லித் திரும்பினார். நாலாம் முறை டொக்டரே நேராகக் கேட்டாராம்: "சாகணும் எண்டு நினைப்பு வருதா?" இவர் அழுதுவிட்டார். "வருது டொக்டர். கிருமிநாசினிப் போத்தல் கொட்டிலுக்க இரிக்கி." டொக்டர் ஏசவில்லை. மனைவியை அழைத்துப் போத்தலை அப்புறப்படுத்தச் சொன்னார், மருந்தை மாற்றினார், ஒரு கிழமையில் திரும்ப வரச் சொன்னார். "கேக்காம இருந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டன் கா" என்றார் கூட்டாளி.

அப்படிக் கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைக்காது. உள்ளே கிடப்பதுதான் வெளியே வரும். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 வரை தண்டனைக்குரிய குற்றம். சட்டம் போய்விட்டது, பயம் போகவில்லை. 1995 அளவில் இலட்சத்துக்கு 47 பேர் வரை தற்கொலையால் இறந்த நாடு இது. கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடை செய்தபின் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. சாவு எண்ணம் கடந்துபோகக்கூடியது, போத்தல் எட்டாதிருந்தால் உயிர் தப்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பல்கீயை மதிப்பவர் அவரை மேடையில் ஏற்றுவதோடு நிற்கக் கூடாது. டொக்டருக்கு முன்னால் தலையிடியோடு நிறுத்தாமல் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். கிளினிக் நாள்வரை தாங்காது என்றால் 1926க்கு அழைக்கலாம். தேசிய உளநல உதவி இலக்கம் அது. வாய் திறப்பதில் ஈமான் குறைந்துவிடாது.