கட்டியங்காரன் வேலை செய்த நடிகை

மனோரமா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார் என்பது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மனப்பாடமான செய்தி. 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி, 2015 அக்டோபர் 10-ஆம் தேதி அவர் மறைந்தது வரை, அவரைப் பற்றிய எழுத்தெல்லாம் இந்த எண்ணிக்கையையே சுற்றி வந்தது. எண்ணிக்கை உழைப்பைக் காட்டும்; ஆட்டத்தின் நுட்பத்தைக் காட்டாது. அந்த நுட்பம் முழுக்க முழுக்க நாடக மேடையில் விளைந்தது என்பது என் கட்சி. படப்பிடிப்புத் தளத்துக்கு வரும்போதே அவர் தொழில் தெரிந்த கலைஞர்.

மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்த கோபிசாந்தா, பள்ளிப் பருவத்திலேயே மேடையேறி மனோரமா ஆனார். வைரம் நாடக சபா, பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம் என்று ஊர் ஊராக நடித்தார். அண்ணாவோடும் கலைஞரோடும் அவர் மேடையில் நடித்தது தெரிந்த செய்தி. இதில் கவனிக்க வேண்டியது, மேடையில் அவர் கதாநாயகியாகவும் நின்றவர் என்பது. நடுவில் நிற்பவருக்கு எந்த இடத்தில் மூச்சு வேண்டும், எந்த வசனத்துக்கு எதிரில் இருப்பவர் சும்மா இருக்க வேண்டும் என்பதை அங்கே நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். மேடையில் ரீடேக் கிடையாது. எதிரே நிற்பவர் வசனத்தை மறந்தால், கூட்டத்துக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். சிரிப்பு அடங்கும் வரை அடுத்த வரியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆர்மோனியம் எடுத்துக் கொடுக்கும் சுருதியில் சொந்தக் குரலில் பாட வேண்டும். 1968-இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்யாரே' பாடலை மெட்ராஸ் பாஷையில் அவரே பாடி நடித்ததற்கும், 'சின்ன கவுண்டர்' படத்தில் கொங்கு வழக்கு அவர் நாவில் படிந்ததற்கும் இந்தப் பயிற்சியே அடிப்படை. ஒவ்வோர் ஊரிலும் கூட்டத்தின் காதைப் படித்தாக வேண்டிய தொழிலில் பழகியவர் அவர்.

துணை வேடத்தின் பலத்தைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமத்து மக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பாரதக் கூத்தில் துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாக ஆடுவார். ஆனால் விடிய விடியக் கூட்டத்தை உட்கார வைப்பவன் கட்டியங்காரன். ராஜாவை அறிமுகம் செய்வது, கேள்வி கேட்டுப் பேச வைப்பது, கதை கனக்கும்போது சிரிக்க வைப்பது, தாளம் தொய்ந்தால் தூக்கி நிறுத்துவது எல்லாம் அவன் பொறுப்பு. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மனோரமா ஏற்ற நாடக நடிகை ஜில் ஜில் ரமாமணி செய்வது இதே வேலை. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி விறைப்பும் வித்துவச் செருக்குமாக இருக்கிறார். அந்த விறைப்பை ரசிகன் ரசிப்பதற்கு எதிரில் ஒரு வெள்ளந்திப் பேச்சு வேண்டியிருக்கிறது. ரமாமணி பேசப் பேச, சண்முகசுந்தரத்தின் முகத்தில் உள்ள சின்ன மாற்றமெல்லாம் நமக்குத் தெரியத் தொடங்குகிறது. காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வல்லமை இருந்தும், முடிக்கும் உரிமையை எதிராளிக்கே விட்டுக் கொடுக்கிறார். தமிழ் சினிமாவில் துணைப்பாத்திர ஆட்டத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அது எழுதியவர்களின் வெற்றி, நடிகையின் வெற்றி அல்ல என்பார்கள். கொத்தமங்கலம் சுப்புவின் கதையும் ஏ.பி.நாகராஜனின் வசனமும் பலமானவைதாம். ஆனால் அந்த வாதமும் மேடைக்கே போய்ச் சேர்கிறது. நாகராஜன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண் வேடம் கட்டி வளர்ந்தவர். அந்தச் சகோதரர்கள் சிறுவயதில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்றவர்கள். சுவாமிகள் 1922-இல் மறைந்தது புதுச்சேரியில்; அடக்கமானது கருவடிக்குப்பத்தில். ஒரு நாடக நடிகையின் பாத்திரத்தை, பெண் வேடம் கட்டிப் பழகியவர் எழுத, நாடகத்திலிருந்து வந்த பெண் நடித்தார். தாளில் உள்ள வசனத்துக்குக் காலப்பிரமாணம் கிடையாது. அதைக் கொடுத்தவர் மனோரமா.

மேடைப் பழக்கம் நடிப்பைச் சத்தமாக்கிவிடும் என்ற குற்றச்சாட்டு இன்னும் வலுவானது. அதை முழுதாக மறுக்க மாட்டேன். அழுகைக் காட்சிகள் சிலவற்றில் அவர் குரல் தேவைக்கு மேல் ஏறியதுண்டு. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்ற பழக்கம் சட்டென்று விடாது. ஆனால் குரலை எங்கே ஏற்றுவது என்று மேடையில் கற்றவருக்கு எங்கே இறக்குவது என்பதும் தெரிந்திருந்தது. ஆர்.பார்த்திபனின் 'புதிய பாதை'யில் (1989) அவர் நடித்த ஆயாவைப் பாருங்கள். வாய்த்துடுக்கும் பரிவும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. எதையும் அவர் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது அந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது. 2002-இல் பத்மஸ்ரீயும் வந்தது. இவ்வளவு பெருமைக்குப் பிறகும் அவருடைய நாடக ஆண்டுகள் வாழ்க்கைக் குறிப்பில் இரண்டு வரியாகச் சுருங்கிக் கிடப்பது நியாயமில்லை.

மனோரமாவின் படங்களாவது கையில் இருக்கின்றன. கிராமத்துத் திருவிழா மேடைகளில் தோழியாகவும் தாயாகவும் நடித்துவிட்டு விடியற்காலையில் பஸ் ஏறிப் போகும் பெண்களின் ஆட்டம் அன்றோடு முடிந்துவிடுகிறது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது; இந்தத் துணைப்பாத்திர நடிகைகளின் ஆட்டத்தை ஒளிப்பதிவு செய்து, அவர்கள் வாயாலேயே தொழில் நுணுக்கத்தைக் கேட்டுப் பதிந்து வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கோயில் விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு நாடகம் வைத்தால், நோட்டீசில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பெயரோடு துணை வேடம் கட்டும் பெண்களின் பெயரையும் ஊரையும் அச்சிடுங்கள்.