ஒற்றாடலும் கைப்பேசியும்

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அரசனுக்கு உரைத்த அறிவுரை அது. பகைவரை மட்டுமன்றி, அரசின் வினைசெய்வாரையும் ஒற்றால் ஆராய வேண்டும் என்பதே வள்ளுவர் கருத்து. இந்நாளில் அவ்வேலையைக் குடிமகன் தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறான். சாலைத் தடுப்பில் நிற்கும் போலீசாரைப் படமெடுப்பதும், ரோந்து வண்டியைப் பின்தொடர்ந்து அவர்கள் செய்வதையெல்லாம் நேரலையில் ஒளிபரப்புவதும் குடிமகனின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும் என்று வாதிப்போர் பெருகியுள்ளனர். படமெடுத்தலையும் பின்தொடர்தலையும் ஒன்றெனக் கொள்ளும் இவ்வாதம் ஆராயத்தக்கது.

பின்தொடரும் வழக்கம் அமெரிக்காவில் வேர்விட்டது. 1966இல் ஓக்லந்து நகரில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் சட்ட நூலும் துப்பாக்கியும் ஏந்திப் போலீஸ் வண்டிகளின் பின்னே சென்றனர். மறு ஆண்டே கலிபோர்னிய அரசு, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. 1990இல் பெர்க்கிலியில் தோன்றிய கண்காணிப்புக் குழுவோ காமிராவை ஏந்தியது. ஆயினும், உலகையே உலுக்கிய படங்கள் பின்தொடர்ந்தோர் எடுத்தவை அல்ல என்பது கருதத்தக்கது. 1991இல் ரோட்னி கிங் அடிபட்டதைப் படமெடுத்தவர் தம் வீட்டு மாடத்தில் நின்றவர். 2020இல் ஜார்ஜ் பிளாய்டின் மரணத்தைப் பதிவு செய்தவர் கடைக்கு வந்த 17 வயதுப் பெண். இவர்கள் ஒற்றர்கள் அல்லர், சாட்சிகள்.

தமிழகத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிற் காவலாளி அஜித்குமாரை, நகை காணாமற்போன புகாரின் பேரில் போலீசார் அடித்ததை, கழிப்பறைச் சன்னல் வழியே ஒருவர் படம்பிடித்தார். சில நொடிகளே ஓடும் படம். அப்படம் இல்லையேல் போலீசார் கூறுவதே வரலாறாகியிருக்கும். ஐந்து காவலர் கைதாயினர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. ஆனால் படமெடுத்தவர் அடுத்து என்ன செய்தார்? தம் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டி விண்ணப்பித்தார்! அதிகாரத்தைப் படமெடுப்பவன் அதற்குத் தரும் விலையை இதனின் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

நம் ஜொகூருக்கு வருவோம். 2024 மே 17ஆம் நாள், விடியுமுன், உலு திராம் போலீஸ் நிலையத்துள் பாராங் கத்தியோடு புகுந்த ஒருவன் இரு இளம் காவலரைக் கொன்றான், மூன்றாமவர் காயமுற்றார், அவனும் சுடப்பட்டு மாண்டான். அந்நாளுக்குப் பின், இருட்டில் தன்னைத் தொடரும் மோட்டார் சைக்கிளை ஒரு காவலன் எக்கண்ணால் நோக்குவான்? கையிலுள்ளது கைப்பேசியா கத்தியா என்று ஆராய அவனுக்கு ஒரு நொடிதான் உண்டு. பின்தொடர்வோனின் நோக்கம் தூயது என்பது அவன் நெற்றியில் எழுதியிருக்கவில்லை. வேகமாக ஓடும் இரு வண்டிகளுக்கிடையே அகப்படும் வழிப்போக்கன் இருவருள் எவர்க்கும் எத்தீங்கும் செய்யாதவன்.

நேரலையின் கேடு இதனினும் பெரிது. 2008இல் மும்பைத் தாக்குதலின்போது தொலைக்காட்சிகள் காவற்படையின் நகர்வுகளை அவ்வப்போதே காட்டியதை, 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் கசாப் வழக்குத் தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தது. அன்று சில நிறுவனங்களிடம் இருந்த அவ்வாற்றல் இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கிறது.

இவற்றினும் நம் கவனத்தைக் கோருவது வேறொன்று. படத்தில் அகப்படுவோர் காவலர் மட்டும் அல்லர். 2005இல் பெட்டாலிங் ஜெயா போலீஸ் நிலையத்தில் ஒரு பெண் ஆடையின்றித் தோப்புக்கரணம் போடவைக்கப்பட்ட காட்சி, மறைவிலிருந்து கைப்பேசியில் எடுக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. அதனால் நன்மை விளைந்தது உண்மை. விசாரணை ஆணையம் அமைந்தது. அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு அது கூறியது. ஆயின், போலீஸ் நிலையத்துள் சிலர் கண்ட அப்பெண்ணின் மானக்கேட்டை நாடே கண்டது. அவரிடம் யாரும் இசைவு கேட்டாரில்லை. இன்னும் வியப்பு, அவர் சீன நாட்டுப் பெண் என்றே பலரும் நம்பினர். உள்துறை அமைச்சர் பெய்ஜிங் வரை சென்று வந்தார். ஆணையத்தின் முன்தான் அவர் மலாய்ப் பெண் என்பது வெளிப்பட்டது. படம் பொய் சொல்லவில்லை. பார்த்தவர்கள் பொய்யை அதனுள் ஏற்றிப் படித்தார்கள். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு தேர்ந்துகொள்க என்று வள்ளுவர் விதித்தது இத்தகைய இடத்துக்கே. கண்டதும் பகிரும் நம்மவர் இவ்விதியை அறவே மறந்தனர்.

அப்படியாயின் படமெடுத்தலையே விலக்குவதா? அன்று. தன் கண்முன் நிகழும் கொடுமையை, தள்ளி நின்று, குறுக்கிடாமல் பதிவு செய்பவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நம் தண்டனைச் சட்டத்தின் 186ஆம் பிரிவு பொது ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்வதைக் குற்றமாக்குகிறது. படமெடுத்தல் என்ற சொல் அதில் இல்லை. பிடிபட்டவனின் முகத்தை மறைப்பதும், படத்தை வெட்டாமல் முழுதாகப் பேணுவதும் எடுத்தவனின் பொறுப்பு.

எடுத்த படத்தை எங்கே கொடுப்பது என்பதே தீராத சிக்கல். துன் முகமட் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை வைத்தது; தானே ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவல்ல சுதந்திர ஆணையம் அவற்றுள் தலையாயது. 2022இல் சட்டமாகி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமைப்போ விசாரித்துப் பரிந்துரைக்கலாம், தண்டிக்க இயலாது. 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டமும் அமலாக்க நிறுவனத்திடம் தகவல் தருவோரையே காக்கும். முகநூலில் ஏற்றியவரைக் காவாது. போலீசும் ஓர் அமலாக்க நிறுவனமே. காவலர் அடிப்பதைப் படமெடுத்த ஒருவர், அதே காவலர் துறையின் முகப்பில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தயங்கி, முகநூலை நாடுவதில் வியப்பில்லை.