மூன்றில் ஒரு பங்கு பைன்ட்

ஏப்ரல் வெயிலை லண்டன்காரர்கள் போனஸ் வந்த மாதிரி செலவு செய்கிறார்கள். டீ-ஷர்ட்டுக்கே குளிர்தான், ஆனாலும் பெர்மாண்ட்ஸியில் அந்தச் சனிக்கிழமை பாதிப் பேர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். லண்டன் பிரிட்ஜிலிருந்து கிரீன்விச் போகிற ரயில், 1830களில் கட்டிய 878 செங்கல் வளைவுகளின் மேல் ஓடுகிறது. பெர்மாண்ட்ஸி வளைவுகள் சிலவற்றின் அடியில் சின்னச் சின்ன பீர் ஆலைகள். காய்ச்சுகிற இடத்திலேயே ஊற்றித் தருகிறார்கள். நானும் ஆபீஸ் நண்பனும் நாலு கடை என்று திட்டம் போட்டிருந்தோம்.

எனக்கு அங்கே குடிப்பதைவிட வாசிக்கத்தான் அதிகம் கிடைத்தது. கரும்பலகை முழுக்க உரைநடை: மாம்பழம், பைன் மரம், பிஸ்கட், ஈரப்புல். குடிப்பதற்கு முன்பே எழுதி முடித்த விமர்சனம். மாம்பழம் என்று படித்த பிறகு நாக்கு அதைத்தான் தேடும், பின்னட்டையைப் படித்துவிட்டு நாவலுக்குள் போகிறவன் மாதிரி. 2009-இல் தொடங்கிய கெர்னலின் பாட்டில் எனக்குப் பிடித்தது இதனால்தான். பழுப்பு லேபிளில் பீரின் வகை, ஹாப்ஸின் பெயர், ஆல்கஹால் அளவு. மிச்சத்தை உன் நாக்கு பார்த்துக்கொள்ளட்டும் என்கிற தன்னம்பிக்கை.

பலகைகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'இந்தியா'. இந்தியா பேல் ஏல். கப்பலில் கெடாமல் இருக்க ஹாப்ஸை அள்ளிப்போட்டு யாரோ கண்டுபிடித்தார்கள் என்று எல்லாக் கடையிலும் கதை சொல்வார்கள். பீர் வரலாற்றாளர் மார்ட்டின் கார்னெல் அதை நிறையவே சிதைத்துவிட்டார்: கருப்பு போர்ட்டரும் அதே கப்பல்களில் நம்ம ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்று என் கிளாஸில் இருந்ததோ அமெரிக்காவின் சிட்ராவும் மொசைக்கும். இந்தியா இங்கே, கோடில் யாரும் பயன்படுத்தாத, ஆனால் அழிக்கப் பயப்படுகிற பழைய வேரியபிள் பெயர்.

'லோக்கல்' என்ற சொல்லும் அப்படித்தான். இந்தப் பகுதியின் ஃபோர்ப்யூர் 2018-இல் ஜப்பானிய கிரின் குழுமத்தின் லயன் நிறுவனத்துக்குப் போனது. மறுவருடம் ரயில்வே வளைவுகளே மொத்தமாக 146 கோடி பவுண்டுக்கு தனியார் கைக்குப் போயின. வாடகைக்குப் பயந்து வளைவுகளில் இருந்தவர்கள் சங்கம் அமைத்தார்கள். அது எந்தக் கரும்பலகையிலும் இல்லை.

மூன்றாவது கடையில் மூன்றில் ஒரு பங்கு பைன்ட், 189 மில்லி, வாங்கினேன். ஊற்றிக்கொடுத்த பெண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "குட்" என்றேன். தமிழில் கேட்டிருந்தாலும் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. அதுதான் அன்றைக்கு உறுத்தியது. தேறல், நறவு, தோப்பி, மட்டு என்று சங்கப் பாடல்களில் எத்தனை சொற்கள்! கொஞ்சமாகக் கள் கிடைத்தால் தனக்கே தந்துவிடுவான் என்று சொல்லித்தான் அதியமானுக்காக அழுகிறாள் ஔவை. நம் இன்றைய கதைகளில் குடித்தால் ஒன்று குடும்பம் அழியும், இல்லை நண்பர்கள் தத்துவம் பேசுவார்கள். நான் படித்தவரை நாக்கு மட்டும் அந்தக் காட்சியில் இருக்காது. டாஸ்மாக் பாரில் போய் ருசியைப் பற்றிப் பேசினால் சிரிப்பானுங்க. ஏறுமா ஏறாதா, அவ்வளவுதான் கேள்வி.

என் அப்பா சுவர் பக்கம் திரும்பி நின்று, பிளாஸ்டிக் டம்ளரை ஒரே மடக்கில் காலி பண்ணிவிட்டு ஊறுகாயைத் தொடுவார். எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று அவரிடம் கேட்கிற துணிச்சல் எனக்கு வந்தபோது அவர் இல்லை.

நாலாவது கடையில் கருப்பு ஸ்டவுட். போனை எடுத்துத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: கருகின தோசை ஓரம், கருப்பட்டி. அடுத்த சொல் வரவில்லை. மேலே ரயில் போனது. கிளாஸில் நுரை லேசாக நடுங்கியது. "இன்னொண்ணு சொல்லவா?" என்றான் நண்பன். இதையே இன்னொரு தடவை என்றேன்.