காட்டேரி வீட்டுச் சிலுவை

2009ஆம் ஆண்டை ஒட்டி ஒரே ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் கதையை வைத்து ஆங்கிலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் நான்கு புத்தகங்களாவது எழுதினார்கள். பெத் ஃபெல்கர் ஜோன்ஸின் ‘டச்ட் பை எ வாம்பயர்’, கிம்பர்லி பவர்ஸின் ‘எஸ்கேப்பிங் த வாம்பயர்’, ஜான் கிரேஞ்சரின் ‘ஸ்பாட்லைட்’, டேவ் ராபர்ட்ஸின் ‘த ட்வைலைட் காஸ்பல்’. 2011இல் மெதடிஸ்ட் இறையியலாளர் எலெய்ன் ஹீத் தன் பங்குக்கு ‘த காஸ்பல் அக்கார்டிங் டு ட்வைலைட்’ எழுதினார். ஸ்டெஃபனி மேயர் 2005 முதல் 2008 வரை வெளியிட்ட நான்கு ‘ட்வைலைட்’ நாவல்கள்தான் இத்தனைக்கும் மூலம். மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்குக் குடிவரும் பதினேழு வயது பெல்லா, பார்வைக்குப் பதினேழாகவும் கணக்குக்கு நூற்றுச் சொச்சமாகவும் இருக்கும் எட்வர்டைக் காதலிக்கிறாள். அவன் அவளைத் தின்னாமல் இருக்கப் படும் பாடுதான் கதை.

இதில் சுவிசேஷத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் அமெரிக்கச் சபைகளின் ஒரு பழைய வழக்கத்தை அறியாதவர்கள். 1960களில் ராபர்ட் ஷார்ட், சார்லி பிரவுன் கார்ட்டூன்களிலிருந்து சுவிசேஷம் எடுத்து ‘த காஸ்பல் அக்கார்டிங் டு பீனட்ஸ்’ எழுதினார். அது அமோகமாக விற்றது. 2002இல் கோனி நீல் ஹாரி பாட்டரிடமிருந்து எடுத்தார். 2004இல் ஜானா ரீஸ், காட்டேரிகளைக் கொல்லும் ‘பஃபி’ தொலைக்காட்சித் தொடரை ஆன்மிக வழிகாட்டியாக வாசித்தார். அந்தத் தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் நாத்திகர் என்பது அவருக்குத் தடையாக இல்லை. சினிமாப் பாட்டில் தொடங்கி யோவான் 3:16இல் வந்து முடிகிற வாலிபர் கூட்டப் பிரசங்கம் கேட்டவர்களுக்கு இந்த வடிவம் புதிதாக இராது.

ஆனால் காட்டேரிக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள உறவு சார்லி பிரவுன் உறவைப் போல வலிந்து உண்டாக்கியதல்ல. ரத்தத்தில் உயிர் இருப்பதால் அதைப் புசிக்கலாகாது என்கின்றன லேவியராகமமும் உபாகமமும். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், தம் ரத்தத்தைப் பானம்பண்ண வேண்டும் என்று இயேசு சொன்னதும் சீஷர்களில் பலர் முகம் சுளித்து விலகிப் போகிறார்கள். ஒருவர் தன் ரத்தத்தைக் கொடுத்துப் பிறரை நித்தியமாக வாழவைக்கிறார் என்பது நற்கருணை. ஒருவன் பிறர் ரத்தத்தை எடுத்துத் தான் நித்தியமாக வாழ்கிறான் என்பது காட்டேரி. பிராம் ஸ்டோக்கர் இந்தத் தலைகீழ்ப் பொருத்தத்தை நன்கு அறிந்தே 1897இல் ‘டிராகுலா’வை எழுதினார். அதில் ரென்ஃபீல்ட் என்ற பைத்தியக்காரன் மருத்துவரின் மணிக்கட்டைக் கிழித்து, தரையில் சிந்திய ரத்தத்தை நக்கிவிட்டு உபாகம வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ரத்தம் குடிக்காதே என்பதற்கு வேதம் சொன்ன காரணத்தை, குடிப்பதற்கான காரணமாக அவன் புரட்டிவிட்டான். வசனத்தைப் பிய்த்தெடுத்துப் பாடம் சொல்வதில் உள்ள ஆபத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

‘டிராகுலா’வின் தொடக்கத்தில் இன்னொரு சிறு காட்சி. கோட்டைக்குக் கிளம்பும் ஜொனதன் ஹார்க்கரின் காலில் விழுந்து கெஞ்சுகிறாள் விடுதிக்காரக் கிழவி. கேட்காதவனின் கழுத்தில் தன் சிலுவையை மாட்டிவிடுகிறாள். ஹார்க்கர் ஆங்கிலத் திருச்சபைக்காரன். இதெல்லாம் விக்கிரக வழிபாடு என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது; ஆனாலும் கழற்றவில்லை. சில நாள் கழித்து முகம் மழிக்கையில் கீறிக்கொள்கிறான். ரத்தம் பார்த்துப் பாய்ந்த டிராகுலாவின் கை அந்தச் சிலுவை தொங்கும் மணிமாலையில் பட்டதும் பின்வாங்குகிறது. டப்ளின் புராட்டஸ்டண்ட் ஒருவர் எழுதிய நாவலில் ஆளைக் காப்பாற்றுவது கத்தோலிக்கக் கிழவியின் சிலுவை! பிற்பாடு டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை நொறுக்கிக் கல்லறைக் கதவை அடைக்கும்போதும் இதே துணிச்சல்தான். சிலுவை இங்கே அடையாளம் என்ற அளவில் நிற்கவில்லை, வேலை செய்கிறது.

எண்பது வருடம் தள்ளி அந்தச் சிலுவையின் சக்தி போய்விட்டது. 1976இல் வந்த ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ நாவலில் காட்டேரியான லூயிக்குச் சிலுவையைக் கண்டு பயமில்லை. அவனுடைய பிரச்சினையே அதுதான். பேராலயத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறான். பாதிரியார் நம்ப மறுக்கிறார்; அவரையே கொன்றுவிடுகிறான். தன்னைத் தண்டிக்கவாவது ஒரு கடவுள் வேண்டும் என்று தேடி அலைந்து, யாரும் இல்லை என்ற பதிலோடு திரும்புகிறான். ரைஸ் இதை எழுதியது ஐந்து வயது மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பின்பு. 1998இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார், இயேசுவைப் பற்றியே நாவல்கள் எழுதினார், 2010இல் கிறிஸ்தவத்தை விட்டு விலகுவதாக அறிவித்தார். காட்டேரி இலக்கியத்தில் விசுவாசத்தோடு உண்மையாகவே மல்லுக்கட்டியவர் என்று நான் கருதுவது இவரைத்தான். என்றாலும் வாலிபர் கூட்டங்கள் லூயியை விட்டுவிட்டு எட்வர்டைப் பிடித்துக்கொண்டன.

காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. 1993இல் தெற்கு பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கிய ‘ட்ரூ லவ் வெயிட்ஸ்’ இயக்கத்தில் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகத் திருமணம்வரை காத்திருப்பதாக உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட்டார்கள். 1997இல் ஜோஷுவா ஹாரிஸ் எழுதிய ‘ஐ கிஸ்ட் டேட்டிங் குட்பை’ அந்தத் தலைமுறையின் கையேடாயிற்று. (பின்னாளில் ஹாரிஸே அந்நூலை அச்சிலிருந்து எடுக்கச் சொன்னார், 2019இல் தான் இனிக் கிறிஸ்தவன் அல்ல என்றார்.) அந்தச் சூழலில், காதலி கேட்டும் முடியாது, முதலில் கல்யாணம் என்று சொல்லும் அழகான கதாநாயகன் வந்து நின்றால் போதகர்களுக்குக் கசக்குமா? ‘எக்லிப்ஸ்’ நாவலில் எட்வர்ட் தான் மீறிய கட்டளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறான். கொலை, திருட்டு, பொய், இச்சை எல்லாம் ஆயிற்று. கற்பு ஒன்றுதான் மிச்சம், அதையாவது காக்கிறேன் என்கிறான்.

இந்தப் பாடம் எனக்குச் செல்லாக்காசாகவே தெரிகிறது. அதே நாவலில் அதே எட்வர்ட், பெல்லா தன் நண்பனைப் பார்க்கப் போகக் கூடாது என்பதற்காக அவள் வண்டியின் எஞ்சினில் கைவைத்து ஓடவிடாமல் செய்கிறான். முதல் நாவலில் அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் நுழைந்து அவள் தூங்குவதை இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உடலைத் தொடாமல் இருப்பதையே ஒழுக்கத்தின் முழு அளவாக வைத்துக்கொண்டால் இப்படிப்பட்டவனும் பரிசுத்தவானாகிவிடுவான். எலெய்ன் ஹீத் இதைத் தவறவிடவில்லை. பெண்கள், பாலுறவு, கடவுள் என்று துணைத்தலைப்பே கொடுத்து, நாவலுக்குள் பெண்கள் மேல் நடக்கும் வன்முறையை நேரே எடுத்துக்கொள்கிறார். பெத் ஃபெல்கர் ஜோன்ஸ் வேறு வழியில் வருகிறார்: பெல்லாவுக்குக் காதலே விக்கிரகம் ஆகிவிட்டது என்பது அவர் கவலை. கிம்பர்லி பவர்ஸோ எட்வர்ட் போலி, நீ ஏங்கும் அழியாத நாயகன் இயேசுதான் என்று பெண்பிள்ளைகளிடம் சொல்கிறார். ஆளை மாற்றினாரே தவிர ஏக்கத்தின் தன்மையை அவர் கேள்வி கேட்கவில்லை. ஒரு காதல் கதையின் இடத்தில் இன்னொரு காதல் கதை வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

இதற்கிடையில் பலரும் மென்று விழுங்கிய ஒரு சங்கதி உண்டு. மேயர் மார்மன் சபையைச் சேர்ந்தவர், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அந்தச் சபை தன்னைக் கிறிஸ்து சபை என்றே அழைத்துக்கொள்கிறது. ஆனால் அதன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் வத்திக்கான் தீர்ப்புச் சொன்னது, பல புராட்டஸ்டண்ட் சபைகளும் அதே நிலையில்தான் இருக்கின்றன. ஆக, தாங்கள் சகோதரியாக ஏற்காத ஒருவரின் தோட்டத்தில்தான் மற்றவர்கள் கனி பறித்துக்கொண்டிருந்தார்கள்.

கனி என்றதும் முதல் நாவலின் அட்டை நினைவுக்கு வரும். வெளுத்த இரு கைகளில் ஏந்திய சிவப்பு ஆப்பிள். உள்ளே முகப்பில் ஆதியாகமம் 2:17, நன்மை தீமை அறியும் மரத்தின் கனியைப் புசிக்கலாகாது என்னும் கட்டளை. சாதாரண ஞாயிறு பள்ளி வாசிப்பில் இது எச்சரிக்கை: பெல்லா, தொடாதே! மார்மன் இறையியலில் கதை வேறு. ஏவாள் கனியைப் புசித்திராவிட்டால் மனித குலமே உண்டாகியிராது, வீழ்ச்சி தேவ திட்டத்தின் அவசியமான ஒரு படி, ஏவாள் செய்த தேர்வு மதிக்கத்தக்கது என்று அங்கே போதிக்கிறார்கள். மேயரும் அந்த ஆப்பிள் தேர்வைக் குறிக்கிறது என்றே சொல்லியிருக்கிறார். நான்காம் நாவலின் முடிவில் பெல்லா கடிபட்டு, செத்து, எழுந்து, நித்திய உடலும் நித்தியக் கணவனும் மகளும் வாய்க்கப்பெற்று வாழ்கிறாள். கோயிலில் முத்திரையிடப்பட்ட திருமணம் மரணத்துக்கு அப்பாலும் நீளும் என்ற மார்மன் நம்பிக்கையை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு பழக்கமானதாகவே இருக்கும். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த கிரேஞ்சர்தான் இந்த வழியில் கவனமாகப் போனவர், ஐவரில் இலக்கிய வாசகர் என்று சொல்லத்தக்கவரும் அவரே. பிறர் ‘விழாதே’ என்று பாடம் எழுதிய நாவலில், விழுந்தவளுக்குத்தான் கிரீடம் கிடைக்கிறது.

தாய்ச் சபையும் அந்தக் கிரீடத்தைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. 2009இல் மார்மன் சபையின் டெசரெட் புத்தகக் கடைகள் இந்நாவல்களை அலமாரியிலிருந்து இறக்கின. வேண்டுவோர் சொல்லி வரவழைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

நாவலுக்குள் உண்மையான இறையியல் உரையாடல் ஒன்று இருக்கிறது, அது காதலர்களிடம் இல்லை. எட்வர்டின் வளர்ப்புத் தந்தையான காட்டேரி கார்லைல் கல்லன் 1640களில் லண்டனில் பிறந்தவர். தந்தை ஆங்கிலிக்கன் போதகர். சூனியக்காரிகளையும் காட்டேரிகளையும் வேட்டையாடுகிறேன் என்று அப்பாவிகளை எரித்தவர். மகன் நிஜக் காட்டேரியைக் கண்டுபிடித்துக் கடிபட்டான். தந்தை தன்னையும் எரிப்பார் என்று அழுகிய உருளைக்கிழங்குக் குவியலுக்குள் மூன்று நாள் சத்தமில்லாமல் கிடந்தான். மனிதரைத் தின்ன மனமில்லாமல் மலையிலிருந்து குதித்தும் கடலில் விழுந்தும் சாகப் பார்த்து முடியாமல், கடைசியில் மான்களைக் கொன்று பசி ஆறினான். பிறகு மருத்துவன் ஆனான். தந்தை கையால் செதுக்கிய மரச்சிலுவை இன்றும் கார்லைல் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஹார்க்கரின் கழுத்தில் கிடந்தது போல அது யாரையும் விரட்டுவதில்லை. விரட்டப்பட வேண்டியவர்களே அதை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

‘நியூ மூன்’ நாவலில் பெல்லாவின் பிறந்தநாள் விருந்தில் கண்ணாடி உடைந்து அவள் கை கிழிகிறது. ரத்த வாடை தாங்காமல் வீட்டார் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள், எட்வர்ட் உட்பட. கார்லைல் மட்டும் சமையலறை மேசையில் அவள் கையை வைத்து, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துத் தையல் போடுகிறார். ரத்தத்தில் நனைந்த துணியைக் கிண்ணத்தில் போட்டுக் கொளுத்துகிறார். கைவேலை நடக்க நடக்கப் பேச்சு ஆத்துமாவைப் பற்றிப் போகிறது. காட்டேரிக்கு ஆத்துமா இல்லை, பெல்லாவை மாற்றினால் அவள் ஆத்துமாவை அழித்த பாவம் தனக்கு என்பது எட்வர்டின் கட்சி. கார்லைலுக்குக் கடவுள் இருக்கிறார் என்பதில் சந்தேகம் வந்ததே இல்லை. சாஸ்திரப்படி தங்களுக்கு நரகம்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முயன்றதற்கு ஏதோ கொஞ்சம் கணக்கில் வைக்கப்படும் என்று நம்புகிறார்.

லூத்தர் கேட்டால் சீறியிருப்பார். கிரியைக்குக் கூலி என்பதுதானே அவர் எதிர்த்தது! ஆனால் கார்லைலிடம் கூலிக்கான உத்தரவாதம் எதுவும் இல்லை. இரட்சிப்பு தனக்கில்லை என்று எல்லாச் சபைகளும் சொல்லியிருக்க, மூன்று நூற்றாண்டுக்கு மேல் ரத்தத்தின் நடுவிலேயே நின்று காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பவனை என்ன செய்வது? கிருபை, கிரியை என்று இரண்டு கட்சி கட்டி நிற்கும் கிறிஸ்தவத்துக்கு இது வசதியில்லாத கேள்வி. மேயருக்கே வசதியில்லை போலும். அதே நாவலின் முடிவில், இத்தாலியின் வோல்ட்டெராவில் சாகப்போன எட்வர்ட் பெல்லாவைக் கண்டதும், தான் செத்துவிட்டதாக நினைத்துக் கார்லைல் சொன்னது சரிதான் என்கிறான். அடுத்த மூச்சிலேயே, இது நரகமாக இருந்தாலும் பரவாயில்லை, இவள் இருக்கிறாளே என்கிறான். நூற்றாண்டுக் காலச் சந்தேகம் காதலி முகத்தில் கரைந்துவிட்டது. ஜோன்ஸின் விக்கிரகக் குற்றச்சாட்டுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2011இல் வந்த ‘த வாம்பயர் டிஃபேங்ட்’ நூலில் சுசானா கிளெமெண்ட்ஸ் ஒரு நேர்க்கோடு வரைகிறார். ஒருகாலத்தில் காட்டேரி பாவத்தின் உருவம், சிலுவை அதற்கு மருந்து; காட்டேரி காதலனாக மாற மாறப் பாவமும் போயிற்று, மருந்தும் தேவையற்றுப் போயிற்று. பெரும்பாலும் சரியான கணிப்பு. ஆனால் கோடு அவ்வளவு நேராக இல்லை. ‘டிராகுலா’வில் ஹார்க்கரின் மனைவி மினா, நெற்றியில் அப்பம் சுட்ட தழும்போடு, தன்னைக் கெடுத்தவனுக்காகவே இரக்கம் கேட்கிறாள்: அவனைக் கொல்லுங்கள், ஆனால் வெறுப்போடு கொல்லாதீர்கள். அவன் சாகும் கணத்தில் முகத்தில் சமாதானத்தைக் காண்பவளும் அவளே. பாவத்தைப் பாவம் என்று அறிந்த நாவலில்தான் பாவிக்கு இரக்கமும் கிடைக்கிறது.

‘ட்வைலைட்’டில் அதற்கு இணையான ஒரு பக்கம் உண்டு. ‘எக்லிப்ஸ்’ கடைசியில், சண்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இளம் காட்டேரிகளில் ப்ரீ டானர் என்ற சிறுமி சரணடைகிறாள். இவளை நாங்கள் வளர்க்கிறோம், பொறுப்பு எங்களுடையது என்று கார்லைல் கேட்கிறார். சட்டம் சட்டம்தான் என்று காட்டேரிகளை ஆளும் வோல்ட்டூரிகள் மறுக்கிறார்கள். பார்க்காதே என்று பெல்லாவின் காதில் சொல்கிறான் எட்வர்ட், அவளும் பார்க்கவில்லை. மேயருக்கு அந்தச் சிறுமி உறுத்தியிருக்க வேண்டும், 2010இல் அவள் பார்வையிலேயே ஒரு குறுநாவல் எழுதினார். எட்வர்ட் கிறிஸ்துவின் சாயலா, கார்லைல் பிதாவின் சாயலா என்று பட்டியல் போடும் வேதபாட வகுப்புகள் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் தேவலை. கல்லன் குடும்பத்தார் ஏழு பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவர் வாய்திறந்து கேட்டார், இல்லை என்றதும் அவரும் ஒதுங்கி வழிவிட்டார்.